கண் சிரை அடைப்பு: குடும்ப வழியில் வருவது எது?

தோட்டங்களில் நலக் கல்விக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், பலர் முன்னிலையில் கேட்கத் தயங்கிய ஒருவர் தனியே வந்து வினா எழுப்புவதுண்டு. “ஐயா, எங்கள் அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் எழுந்தவுடன் ஒரு கண் மங்கிவிட்டது. வலி ஒன்றும் இல்லை. கண்ணுக்குள்ளே இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இது இரத்த வழியாக வருகிற வியாதியா? எங்களுக்கும் வருமா?” என்பதே அவ்வினா. கேட்பவர் முகத்தில் தந்தையைப் பற்றிய கவலையோடு தம் பிள்ளைகளைப் பற்றிய அச்சமும் சேர்ந்து தோன்றும்.

இவ்வினாவுக்கு லயத்திலேயே இருவகை விடைகள் தயாராக உள்ளன. “தலையெழுத்து, குடும்பத்தில் இருந்தால் வந்தே தீரும்” என்பார் ஒரு சாரார். “வயதானால் கண் மங்கத்தான் செய்யும், பரம்பரையாவது ஒன்றாவது” என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. இவ்விரண்டு விடைகளாலும் பார்வை இழந்தோர் உள்ளனர். முதல் விடையை நம்பியவர் தடுக்க முயல்வதில்லை. இரண்டாம் விடையை நம்பியவர் மருத்துவரை நாடுவதில்லை. ஆகவே குடும்ப வழியில் வருவது எது, வராதது எது என்பதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய திரை ஒன்று படர்ந்துள்ளது. அதனை விழித்திரை என்கிறோம். நாம் காணும் காட்சி அதன்மீதுதான் விழுகின்றது. அத்திரைக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. பயன்பட்ட இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்வது சிரை. விழித்திரைச் சிரைகள் தலைமயிரை ஒத்த பருமன் உடையவை. நாற்புறமிருந்தும் வரும் கிளைச் சிரைகள் நடுவில் ஒன்றுகூடி, ஒரே நடுச் சிரையாகிக் கண் நரம்பின் ஊடே வெளியேறுகின்றன. 1851-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்த பிறகே, உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் நேரில் காண முடிந்தது. திடீரெனப் பார்வை மங்கிய சிலரின் கண்ணுக்குள் இரத்தம் தீச்சுடர் வடிவில் சிதறிக் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். சிரைக்குள் இரத்தம் உறைந்து வழியை அடைப்பதே இதற்குக் காரணம் என்பதனை 1878-இல் மிக்கேல் என்னும் மற்றொரு ஜெர்மானிய மருத்துவர் எடுத்துக் காட்டினார்.

அடைப்பு ஏன் அவ்விடத்தில் ஏற்படுகின்றது? விழித்திரையில் தமனியும் சிரையும் பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அவ்வாறு கடக்கும் இடத்தில் இரண்டும் ஒரே உறைக்குள் நெருங்கிக் கிடக்கும். நெடுநாள் இரத்தக் கொதிப்பினால் தமனியின் சுவர் தடித்து இறுகும்போது, அருகிலுள்ள மெல்லிய சிரையை அது அழுத்துகின்றது. சிரை நெருக்கப்பட்ட இடத்தில் இரத்தம் சீராக ஓடாமல் சுழலும். சுழலும் இடத்தில் உறையும். இது கிளைச் சிரை அடைப்பு. கண் நரம்பின் வாயிலில் நடுச் சிரையே அடைபடுமானால் விழித்திரை முழுவதும் பாதிக்கப்படும். கிளைச் சிரை அடைப்பே பெரும்பாலோருக்கு வருவது. நடுச் சிரை அடைப்பு குறைவாக வருவது, ஆனால் கொடியது.

இரத்தம் உறைவதைப் பற்றிப் பால் வெட்டும் மக்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரத்தில் பட்டையைச் சீவியவுடன் பால் ஓடுகின்றது. சில மணி நேரத்தில் பால் குழாய்களின் வாய் தாமாகவே அடைபட்டு ஓட்டம் நின்றுவிடுகின்றது. அவ்வாறு நில்லாவிடில் மரம் நலிந்துவிடும். நம் உடலும் அப்படியே. உளி கையில் பட்டுவிட்டால் இரத்தம் உறைந்து காயத்தை அடைக்க வேண்டும். மங்கில் சேர்ந்த பாலையோ வேறு வழியில் கவனிக்கிறோம். உறையாமல் இருக்க வேண்டுமெனில் அம்மோனியா சேர்க்கிறோம். உறைய வேண்டுமெனில் அமிலம் ஊற்றுகிறோம். நமது இரத்தத்திலும் உறையச் செய்யும் பொருள்களும், உறைவதைத் தடுத்து நிறுத்தும் பொருள்களும் எந்நேரமும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டிருக்கின்றன. புரதம் சி, புரதம் எஸ், ஆண்டித்ரோம்பின் என்பன தடுக்கும் பொருள்கள். அவை குறைந்தாலும், உறையச் செய்யும் பொருள் தடைக்கு அடங்க மறுத்தாலும், இரத்தம் வேண்டாத இடத்தில் உறையும்.

இந்தச் சமநிலை ஆளுக்கு ஆள் சிறிது மாறுபடுகின்றது; அது பெற்றோரிடமிருந்து வருகின்றது. இதிலும் பால்மரமே நமக்கு ஆசான். விதை மரத்துக்கும் ஒட்டு மரத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒட்டு மரங்களிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குணம் உண்டு. பால் குழாய் விரைவில் அடைபடும் இனமும், நெடுநேரம் பால் ஓடும் இனமும் உள்ளன. மலேசியாவில் 1969-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இதனை அளந்து காட்டிற்று. ஆயினும், நல்ல இன மரத்தையும் உளியை ஆழமாக இறக்கிக் கெடுத்துவிடலாம் என்பதனை எந்த மண்டோரும் சொல்வார். இனம் ஒரு பங்கு. வெட்டும் கை ஒரு பங்கு.

மனித இரத்தத்தில் இவ்வகைக் குடும்பக் குறைகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. 1965-இல் நார்வே நாட்டு மருத்துவர் எகெபெர்க், ஒரு குடும்பத்தில் பலருக்கு இரத்தக் கட்டி தோன்றுவதற்கு ஆண்டித்ரோம்பின் குறைவே காரணம் எனக் கண்டார். 1981-இல் புரதம் சி குறைந்த குடும்பம் அமெரிக்காவில் அறியப்பட்டது. 1993-இல் சுவீடனைச் சேர்ந்த டால்பாக், சிலருடைய இரத்தத்தில் புரதம் சி போதிய அளவு இருந்தும் அது வேலை செய்வதில்லை என்பதனைக் காட்டினார். மறு ஆண்டே ஹாலந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டனர். உறையச் செய்யும் ‘ஐந்தாம் காரணி’ என்னும் புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தினால், புரதம் சி வந்து துண்டிக்க வேண்டிய இடம் துண்டிக்க முடியாததாகிவிட்டது. அமிலம் ஊற்றிய தொட்டியில் அம்மோனியா ஒட்டாத கதை எனலாம். அந்நகரின் பெயராலேயே அது ‘லைடன் மாற்றம்’ என வழங்குகின்றது. 1996-இல் புரோத்ரோம்பின் என்னும் மற்றொரு புரதத்தின் மரபணுவிலும் இத்தகைய மாற்றம் கண்டறியப்பட்டது.

இவை தாய் அல்லது தந்தை ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இவ்வளவும் கேட்டவுடன், கண் சிரை அடைப்புக்கு வேர் இதுதான் என்று முடிவு செய்யத் தோன்றும். மருத்துவ உலகமும் அவ்வாறே எதிர்பார்த்துப் பல நாடுகளில் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தது. முடிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. காலின் ஆழ்சிரையில் உண்டாகும் இரத்தக் கட்டிக்கு இம்மாற்றங்கள் வலுவான காரணம். கண் சிரை அடைப்புக்கோ மெலிந்த காரணமே. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணிப்புகளில், லைடன் மாற்றம் உடையவருக்குக் கண் சிரை அடைப்பு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஒன்றரை மடங்கை ஒட்டியே காணப்பட்டது. அன்றியும், அம்மாற்றம் ஐரோப்பிய மக்களில் நூற்றுக்கு ஐவர் அளவில் காணப்படுவது; ஆசிய மக்களிடையே அரிது.

இனி மற்றொரு கணக்கைக் காண்போம். 2008-இல் வெளியான கணிப்பு ஒன்றின்படி, இரத்தக் கொதிப்பு உடையவருக்குக் கண் சிரை அடைப்பு வரும் வாய்ப்பு, அஃதில்லாதவரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவருக்கு இரண்டரை மடங்கு. இனிப்புநீர் உடையவருக்கு ஒன்றரை மடங்கு. கண் சிரை அடைப்பு நேர்வோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பே பொறுப்பு என்றும் அக்கணிப்பு கூறிற்று. பெயர் பெற்ற மரபணுவைவிட, தோட்டத்து மருந்தகத்தில் கையில் பட்டை கட்டி அளக்கப்படும் அந்த எண்ணே பெரிய செய்தியைச் சொல்கின்றது.

அவ்வாறாயின் குடும்ப வழி என்பதே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு வாசல் வழியாக வருகின்றது. இரத்தக் கொதிப்பு குடும்பங்களில் தொடர்வதை நாம் அனைவரும் காண்கிறோம். 2018-இல் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த அறிஞர்கள், இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய சுமார் 900 மரபணு இடங்களைக் கணக்கிட்டனர். அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரு துளியால் நிரை நனைவதில்லை, தூறல் நெடுநேரம் விழுந்தால் நனைகின்றது அல்லவா, அதுபோலவே பல சிறு காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. இனிப்புநீரும் இவ்வாறே குடும்ப வழியில் தொடர்வது. கண்ணுக்குள் நீரழுத்தம் மிகும் நோயும் அப்படியே. உடன்பிறந்தாருக்கோ பெற்றோருக்கோ அது இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அழுத்தம் மிகுந்த கண்ணில் நடுச் சிரை எளிதில் நெருக்கப்படும். ஆக, தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது கண் சிரை அடைப்பு அன்று. அதற்குக் களம் அமைக்கும் இரத்தக் கொதிப்பும் இனிப்புநீரும் கண் அழுத்தமுமே. இம்மூன்றும் அளந்து அறியத்தக்கவை, மருந்தால் அடக்கத்தக்கவை.

நமது நாட்டில் 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோர் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு உள்ளதெனக் கண்டது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் தமக்கு அது உள்ளதென்றே அறியாதிருந்தனர். இனிப்புநீர் ஐவரில் ஒருவருக்கு இருந்தது. அண்டை நாடான சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரையும் பரிசோதித்தபோது, நாற்பது வயதைக் கடந்தோரில் கண் சிரை அடைப்பு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. இனத்துக்கு இனம் பெரிய வேறுபாடும் இல்லை. ஆகவே, “நம் இனத்துக்கே இது எழுதி வைத்தது” என்று சொல்வோரின் கூற்றில் உண்மை இல்லை.

மரபணுவைப் பற்றிய பேச்சில் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். ஹோமோசிஸ்டின் என்றொரு பொருள் நம் உடலில் உண்டாகி, பின் வேறொன்றாக மாற்றப்படுகின்றது. அதனை மாற்றும் வேலையில் ஈடுபடும் ஒரு மரபணு சிலரிடம் சற்று மந்தமாக உள்ளது. ஃபோலேட், பி12 என்னும் உயிர்ச்சத்துகள் உணவில் குறையுமானால் அப்பொருள் இரத்தத்தில் தேங்கும். கண் சிரை அடைப்பு வந்தவர்கள் பலரிடம் அது மிகுந்திருந்தது. மரபணுவை மாற்ற இயலாது. கீரையைச் சமைக்க இயலும். கீரை வகைகளிலும் பருப்பிலும் பயற்றிலும் ஃபோலேட் உண்டு. மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில் பி12 உண்டு. சைவ உணவினர் பாலையும் தயிரையும் விலக்காதிருத்தல் நலம். உயிர்ச்சத்து மாத்திரை விழுங்கினால் கண் அடைப்பு வாராது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்பதனையும் கூறிவிடுகிறோம். மாத்திரை விற்போர் இதனைச் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் இரத்தம் உறையும் குறையைச் சோதிக்க வேண்டியவர் எவருமே இல்லையா என்று கேட்கலாம். சிலர் உண்டு. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர். இரத்தக் கொதிப்போ இனிப்புநீரோ இல்லாதவர். இரு கண்களிலும் அடைப்பு வந்தவர். தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இளவயதில் கால் வீங்கி இரத்தக் கட்டி எனக் கண்டறியப்பட்டவர். இவர்களுக்கு மருத்துவர் அச்சோதனையைத் தாமே எழுதித் தருவார். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் தாய்மார் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி இருந்திருந்தால், மாத்திரை வாங்கும்போதே மிஸ்ஸியிடம் அதனைக் கூறிவிட வேண்டும். அம்மாத்திரைகளில் ஒரு வகை, உறையும் இயல்பை மேலும் தூண்டக்கூடியது. வேறு முறைகள் உள்ளன. மருத்துவர் மாற்றித் தருவார். மற்றவர்கள் தனியார் கூடங்களில் மரபணுச் சோதனைக்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது நமது கருத்து. அந்தப் பணத்தில் ஓர் இரத்த அழுத்தக் கருவியை வாங்கி லயத்துக்கே பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, நோயை அறியும் வகை. கண்புரை சிறுகச் சிறுகப் பல ஆண்டுகளில் மங்கச் செய்யும். சிரை அடைப்போ திடீரென வரும். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும். வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடிவதில்லை. வெளியிலிருந்து பார்ப்போருக்குக் கண் தெளிவாகவே தோன்றும். பார்வையின் மேற்பாதியோ கீழ்ப்பாதியோ புகை மூடியதுபோல் இருக்கலாம். நேர்க்கோடு வளைந்து தெரியலாம். மற்றொரு கண் நன்றாக இருப்பதால் பலர் நாட்கணக்கில் உணர்வதே இல்லை. விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் வெட்டுகையில், உளி வழக்கத்துக்கு மாறாக ஆழமாகப் பாய்ந்து மரத்தில் காயம் விழுகின்றதே என்று கங்காணி கண்டித்த பிறகு உணர்வோரும் உண்டு. பட்டையில் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டும் தொழிலுக்கு இரண்டு கண்களும் வேண்டும். ஆழத்தை அளப்பது இரு கண்களும் சேர்ந்தே. வாரம் ஒரு முறை ஒரு கண்ணைக் கையால் பொத்தி எதிரே உள்ள நிரையைப் பாருங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்திப் பாருங்கள். இதற்கு அரை நிமிடமும் ஆகாது.

மங்கல் தெரிந்தால் அன்றே புறப்பட வேண்டும். நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் கண்ணுக்குள் இருக்கும் சிரையை எட்டமாட்டா. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்கு 1 வெள்ளிக் கட்டணம். அங்கிருந்து கடிதம் பெற்று மருத்துவமனைக் கண் பிரிவுக்குச் செல்லலாம். கண்மணியை விரிக்கும் துளிமருந்து இடுவார்கள்; சில மணி நேரம் பார்வை கூசும். ஆதலின் மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும்.

சிகிச்சை முன்னைவிட முன்னேறியுள்ளது. 1984-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, கிளைச் சிரை அடைப்பினால் வரும் வீக்கத்துக்கு லேசர் ஒளி பயன் தருவதைக் காட்டிற்று. 2010 முதல், கண்ணுக்குள் ஊசி வழியே செலுத்தும் மருந்துகள் இந்நோய்க்கு ஏற்கப்பட்டுள்ளன. இம்மருந்து கட்டியைக் கரைப்பதில்லை. விழித்திரையில் தேங்கிய நீரை வற்றச் செய்கின்றது. கண்ணில் ஊசியா என்று அஞ்ச வேண்டா. மரத்துப்போகத் துளிமருந்து இட்ட பிறகே செலுத்துவர். ஆனால் ஒருமுறையோடு முடிவதன்று. தொடக்கத்தில் மாதந்தோறும் செல்ல நேரும். பார்வை சிலருக்குப் பெரிதும் திரும்பும், சிலருக்கு ஓரளவே திரும்பும். காலந் தாழ்த்தியவருக்குத் திரும்புவது குறைவு.

நடுச் சிரை அடைபட்ட கண்ணுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இரத்தம் கிட்டாத விழித்திரை புதிய குழாய்களை வேண்டாத இடத்தில் முளைக்கச் செய்யும். அவை கண்ணின் நீர் வடியும் வழியை மூடி, கடும் வலியோடு கூடிய அழுத்தத்தை உண்டாக்கும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் இது தோன்றுவதால் ‘நூறு நாள் அழுத்தம்’ என்றே மருத்துவர்கள் சொல்வதுண்டு. “முதல் மாதத்தில் பார்த்தார்கள், ஒன்றும் முன்னேறவில்லை, இனி ஏன் போக வேண்டும்?” என்று நின்றுவிடுவோர் இந்த நூறாம் நாளில்தான் கண்ணையே இழக்கின்றனர்.

கண் சிரை அடைபட்டவரின் உடலில் மற்றக் குழாய்களும் அதே கொதிப்பைத்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மறு கண்ணுக்கும், இருதயத்துக்கும், மூளைக்கும் சேர்த்தே மாத்திரை தரப்படுகின்றது. “தலை சுற்றவில்லை, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்னும் சொல்லை நாம் எத்தனையோ தோட்டங்களில் கேட்டிருக்கிறோம். கொதிப்பு தலை சுற்ற வைத்துத் தன்னை அறிவிப்பதில்லை. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியை மிஞ்சக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், கிச்சாப் ஆகியவற்றில் உள்ள உப்பும் அதனுள் அடங்கும். புகைப்பதை விடுதல் பற்றித் தனியே எழுத வேண்டும்; இங்குக் குறிப்பிட்டு அமைகிறோம்.

பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், கண் அழுத்தம், பக்கவாதம், காலில் இரத்தக் கட்டி இவற்றில் எது, எந்த வயதில் என்று எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் வினாவே இதுதான். பலர் அங்கே விழித்து நிற்கின்றனர். குடும்பத்தில் மூவருக்குக் கொதிப்பு என்று தெரிந்தால், முப்பது வயதிலேயே ஆண்டுக்கு ஒரு முறை அளந்து பார்க்கத் தொடங்கலாம். நாற்பதைக் கடந்த பிறகு கண் அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். மருந்தகத்தில் தமிழ் அறிந்தவர் இல்லாவிடில், “மாத்தா சாயா தீபா-தீபா காபூர்” என்று சொல்லி, எந்தக் கண், எந்தத் தேதி காலை என்பதனையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேதியை நோட்டுப் புத்தகத்தில் முன்பே குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பெரும் உதவி.